வெளியூர் ஆள் வந்தால் உள்ளூர்க் கூலி குறையுமா?

கடலூர் சிப்காட் பக்கமோ, புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையிலோ, நெய்வேலியிலோ ஒரு டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "வடநாட்டுப் பசங்க வந்து கூலியக் கெடுத்துட்டாங்க" என்ற பேச்சு காதில் விழும். சொல்பவர் பெரும்பாலும் பல ஆண்டுகளாகக் கட்டட வேலை பார்ப்பவர், லாரியில் மூட்டை ஏற்றுபவர், கம்பெனியில் ஒப்பந்த ஆளாக இருப்பவர். தன் கண்ணெதிரே நடப்பதைத்தான் அவர் சொல்கிறார். அதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயம் இல்லை. ஆனால் கண்ணெதிரே தெரியும் ஆள்தான் கூலி குறைந்ததற்குக் காரணமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தேட நிதானம் வேண்டும்.

இந்தக் கேள்வியைப் பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகளாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே வருபவர் வேறு நாட்டுக்காரர். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கடலூருக்கு வருபவர் இந்தியக் குடிமகன். நாட்டின் எந்த மூலையிலும் போய்த் தங்கவும் தொழில் செய்யவும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையைக் கொண்டுதான் நம் பிள்ளைகளும் பெங்களூருக்கும் மும்பைக்கும் போகிறார்கள். சட்டப்படி இரண்டும் வேறு வேறு. ஆனால் கூலி எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்ற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதனால் அங்கே கண்டறிந்ததை இங்குள்ள வேலைகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

பலாப்பழக் கணக்கு

சீசனில் பண்ருட்டிக்குப் பலா வரத்து கூடினால் விலை இறங்கும். கூலிக்கும் நாம் இதே கணக்கைப் போடுகிறோம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஊரில் சித்தாள் வேலைக்கு 100 பேர், நாள் கூலி 600 ரூபாய். வெளியிலிருந்து 30 பேர் வந்து, 550 கொடுத்தாலும் போதும் என்கிறார்கள். மேஸ்திரி அவர்களைக் கூப்பிடுவார். உள்ளூர் ஆளும் 550க்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு, போன வரைக்கும் சரி. ஆனால் ஊரில் மற்ற எதுவுமே மாறாது என்று நினைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. பலாப்பழம் சந்தைக்கு வந்து சோறு வாங்கித் தின்பதில்லை, வாடகைக்கு வீடு பிடிப்பதில்லை. வந்த 30 பேரும் அதையெல்லாம் செய்வார்கள். அரிசி வாங்குவார்கள், ரீசார்ஜ் செய்வார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், ஞாயிற்றுக்கிழமை கோழி எடுப்பார்கள். அந்தச் செலவு ஊரில் இன்னொருவருக்கு வேலையாகிறது. ஊரில் இருக்கும் வேலை இத்தனைதான், ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் என்ற எண்ணம் இந்த விஷயத்தில் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சம்பாதிப்பதில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, கம்பெனி ஷெட்டிலேயே பத்துப் பேராகத் தங்கிப் பொங்கித் தின்னும் ஆள் இங்கே செலவழிப்பது கொஞ்சம்தான். குடும்பத்தோடு வந்து குடியேறுபவர் ஊரில் உண்டாக்கும் வேலையைவிட, தனியாக வந்து பணம் அனுப்புபவர் உண்டாக்கும் வேலை குறைவு. இதற்கு ஜெர்மனியில் ஒரு சான்று கிடைத்தது. 1991இல், எல்லைப் பகுதி ஊர்களில் செக் நாட்டுக்காரர்கள் வந்து வேலை செய்ய அந்த அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் தங்கக் கூடாது. வேலை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். வேலைக்கு ஆள் வந்தார்கள், செலவழிக்க வரவில்லை. அங்கே உள்ளூர்க் கூலி மிகச் சிறிதளவே குறைந்தது. ஆனால் வேலையில் இருந்த உள்ளூர்க்காரர் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. பெரும்பாலும் இருந்தவரை வெளியே அனுப்பியதால் இல்லை. புதிதாக உள்ளூர் ஆள் எடுப்பது குறைந்துபோனதால். கூலியை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதில் இருக்கும் ஆபத்து இதுதான். பாதிப்பு சில நேரம் சம்பளத்தில் தெரியாது, கிடைக்காமல் போன வேலையில் இருக்கும்.

யாருக்கு யார் போட்டி

ஒரு வீடு கட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரே வேலை நடப்பதில்லை. மேஸ்திரி, கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், எலெக்ட்ரீஷியன், டைல்ஸ் ஒட்டுபவர், கலவை போடும் பெரியாள், கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாள். புதிதாக வந்தவர் இவர்களில் யாருடைய வேலையைச் செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் யாருக்கு நட்டம், யாருக்கு லாபம் என்று சொல்ல முடியும்.

பெரும்பாலும் அவர் தூக்கும், சுமக்கும், கலக்கும் வேலைக்குத்தான் முதலில் போகிறார். மொழி தெரியாது, வீட்டுக்காரரிடம் பேசி வேலை பிடிக்க முடியாது, எந்த ஹார்டுவேர் கடையில் கடன் தருவார்கள் என்று தெரியாது. ஆக, சித்தாளுக்கும் பெரியாளுக்கும் அவர் போட்டி. கொத்தனாருக்கோ அவர் கைகொடுப்பவர். கையாள் தட்டில்லாமல் கிடைத்தால் கொத்தனார் ஒரு நாளில் அதிகச் சுவர் எழுப்பலாம், மேஸ்திரி ஒரே நேரத்தில் இரண்டுக்குப் பதில் மூன்று வீடு எடுக்கலாம். மூன்று வீட்டுக்கும் தமிழ் பேசி வேலை வாங்கும் ஆள் வேண்டும், எலெக்ட்ரீஷியன் வேண்டும், மணல் ஓட்ட வண்டி வேண்டும். ஒரே ஆள் வருகையால் ஒருவர் கூலி இறங்கவும் இன்னொருவர் கூலி ஏறவும் முடியும். "உள்ளூர்க்காரர் கூலி" என்று ஒற்றையாகச் சொல்வதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

டென்மார்க்கில் இதை நீண்ட காலம் கவனித்தார்கள். 1986 முதல் 1998 வரை அகதிகளை அந்த அரசே பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியது. படிப்புக் குறைந்த டேனிஷ் தொழிலாளர்கள், குறிப்பாக இளையவர்கள், உடலுழைப்பு வேலையை விட்டு, பேச்சும் பொறுப்பும் கூடிய வேலைகளுக்கு நகர்ந்தார்கள். அவர்கள் சம்பளம் இறங்கவில்லை, கூடியது. ஆனால் அங்கே வேலை மாற விரும்புபவருக்குப் பயிற்சி உண்டு, வேலை இல்லாத மாதங்களைத் தாண்ட அரசு உதவி உண்டு. நகரும் வழி இருந்ததால் நகர்ந்தார்கள்.

நம் ஊரில் அந்த வழி யாருக்கு இருக்கிறது? இருபத்தைந்து வயதுப் பையன் கையாள் வேலையை விட்டு டைல்ஸ் கற்றுக்கொள்வான். இருபது ஆண்டாகத் தலையில் சட்டி சுமந்த ஐம்பது வயது அம்மாவுக்கு யார் கொத்துக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்? சித்தாள் வேலை பெண்கள் வேலை, கொத்தனார் வேலை ஆண்கள் வேலை என்று நாமே கோடு போட்டு வைத்திருக்கிறோம். வெளியூர் இளைஞர் வந்து கையாள் வேலை எடுக்கும்போது ஆண் தொழிலாளி மேலே ஏற ஒரு படி இருக்கிறது. பெண் தொழிலாளிக்கு அந்தப் படியை நாமே எடுத்துவிட்டோம். இந்தப் பெண்களின் பெயர் "வந்தேறிகள்" பற்றிய எந்த மேடைப் பேச்சிலும் வருவதில்லை. உண்மையில் நட்டப்படக்கூடியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்கள் அவர்கள்.

அவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் இன்னொரு கூட்டம்: ஐந்து ஆண்டுக்கு முன்னால் வந்த வெளியூர்க்காரர்கள். நேற்று வந்தவர் அச்சு அசலாக அதே வேலைக்குத்தான் போட்டி. 2016இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. பத்தாண்டு அளவிலான நீண்ட காலத்தில், உள்நாட்டில் பிறந்தவர்களின் மொத்தக் கூலியில் குடியேற்றத்தின் விளைவு மிகச் சிறியது என்பது அதன் முடிவு. பாதிப்பு எங்கே தென்படுகிறதோ அங்கே முதலில் அடிபடுபவர்கள் ஏற்கெனவே வந்த குடியேறிகள், அடுத்து பள்ளிப் படிப்பை முடிக்காத உள்நாட்டவர் என்றும் அது சொன்னது.

அளப்பது ஏன் கடினம்

ஆள் அதிகம் வந்த ஊர்களில் கூலி எப்படி இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. காரணம் கேரளத்தில் இருக்கிறது.

1970களிலிருந்து மலையாளிகள் வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த பணத்தில் வீடுகள் எழும்பின, கட்ட ஆள் இல்லை, கூலி ஏறியது. அந்த வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்கள் போனார்கள். பின்னால் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தார்கள். இத்தனை பேர் வந்தும், இந்திய ரிசர்வ் வங்கியின் கையேட்டில் 2022-23இல் ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் நாள் கூலி கேரளத்தில் 850 ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டில் 500 அளவில். நாட்டுச் சராசரி 400க்கும் கீழே. இதை வைத்து "ஆள் வந்தால் கூலி ஏறும்" என்று சொல்லிவிடலாமா? கூடாது. கூலி ஏறியதால்தான் ஆள் வந்தார்கள். காரணமும் விளைவும் தலைகீழாகக் கிடக்கும் இடம் இது.

இன்னொரு சிக்கல், ஒரே காலத்தில் பல காரியங்கள் நடப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரை நெடுகிலும் வீடு கட்டும் வேலை பெருகியது. 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தோப்பு வேலையை நம்பியிருந்தவர்கள் வேறு கூலிக்கு அலைந்தார்கள். கலவை எந்திரமும் ரெடிமிக்ஸ் லாரியும் வந்து காங்கிரீட் போடும் கும்பலின் வேலையைக் குறைத்தன. இந்த ஆண்டுகளில் வெளியூர் ஆட்களும் வந்தார்கள். கூலியில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் எது எதனால் வந்தது என்று பிரித்தெடுக்க வேண்டும். டீக்கடையில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது. லாரிமேல் கோபப்பட முடியாது, புயல்மேலும் கோபப்பட முடியாது; கண்ணெதிரே நிற்கும் மனிதர்மேல் கோபப்படுவது எளிது.

அதனால் ஆய்வாளர்கள் தேடுவது, கூலியோடு தொடர்பே இல்லாத ஒரு காரணத்துக்காகத் திடீரென்று நிறையப் பேர் ஓர் ஊருக்கு வந்த சம்பவத்தை. அப்படி ஒன்று 1980இல் நடந்தது.

மியாமி, 1980

கியூபாவின் அதிபர் பிடல் காஸ்ட்ரோ 1980 ஏப்ரலில், நாட்டை விட்டுப் போக விரும்புபவர்கள் மரியேல் துறைமுகத்திலிருந்து போகலாம் என்று அறிவித்தார். அக்டோபர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கக் கரைக்கு வந்துவிட்டார்கள். பெரும்பகுதியினர் மியாமி நகரில் தங்கினார்கள். சில மாதங்களில் அந்த நகரின் தொழிலாளர் எண்ணிக்கை 7 விழுக்காடு கூடியது. மியாமியில் நல்ல கூலி கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்து வந்தவர்கள் இல்லை அவர்கள். கதவு திறந்ததால் வந்தார்கள். ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் அமைவது அரிது.

டேவிட் கார்டு என்ற பொருளியலாளர் மியாமியின் கூலியை அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், டாம்பா ஆகிய நகரங்களோடு ஒப்பிட்டு 1990இல் தன் முடிவை வெளியிட்டார். அந்த ஆண்டுகளின் பொருளாதார மந்தம் படகு வராத நகரங்களிலும் இருந்தது. ஆகவே மியாமிக்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாடுதான் படகின் விளைவு என்பது முறை. கடலூரில் ஒன்று நடந்தால், அது நடக்காத நாகப்பட்டினத்தோடு வைத்துப் பார்ப்பது மாதிரி. வேறுபாடே தென்படவில்லை. வெள்ளையர், கறுப்பினத்தவர் கூலியும் விழவில்லை, வேலையின்மையும் படகால் கூடவில்லை. முன்பே வந்திருந்த கியூபர்களின் கூலிகூடப் பெரிதாக விழவில்லை. இதுபோன்ற ஆய்வு முறைக்காகக் கார்டுக்கு 2021இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

விவாதம் அதோடு முடியவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் போர்ஹாஸ், தானே சிறுவனாகக் கியூபாவிலிருந்து வந்தவர், அதே தரவுகளை 2015இல் மறுபடி எடுத்தார். படகில் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிப் படிப்பு முடிக்காதவர்கள். அப்படியானால் பள்ளி முடிக்காத உள்ளூர் ஆண்களை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. நம் சித்தாள், கொத்தனார் பிரிப்பும் இதுதான். அந்தப் பிரிவில் கூலி 10 முதல் 30 விழுக்காடு விழுந்திருக்கிறது என்றார்.

அதற்கு மைக்கேல் கிளெமென்ஸும் ஜெனிஃபர் ஹன்டும் ஒரு பதில் கொடுத்தார்கள். அவ்வளவு குறுக்கிய பிரிவில் அரசுக் கணக்கெடுப்பில் சிக்கிய ஆட்கள் மிகச் சிலர். அதோடு, 1980க்குப் பிறகு கணக்கெடுப்பில் முன்பு விடுபட்டுப்போன ஏழைக் கறுப்பின ஆண்கள் அதிகம் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் முன்பிருந்தே குறைந்த கூலி வாங்கியவர்கள். பட்டியலில் அவர்கள் கூடியதும் சராசரி தானாகவே இறங்கியது. யாருடைய கூலியும் வெட்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு இந்தப் பதில் வலுவாகப் படுகிறது. ஆனாலும் போர்ஹாஸ் கேட்ட கேள்வியின் மதிப்பு குறையவில்லை. சராசரியைக் காட்டி அடிமட்டத்தில் இருப்பவரின் நட்டத்தை மறைக்கக் கூடாது என்று அவர் விடாமல் சொன்னார். மறு பக்கத்தில் நின்று வாதாடுபவர்களும் இன்று அந்தப் பிரிவைத் தனியாகப் பார்க்காமல் எழுதுவதில்லை.

எங்களுக்குப் பக்கமான இன்னொரு சம்பவம் பிரான்சில். பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியா 1962இல் விடுதலை பெற்றபோது, அங்கே குடியேறியிருந்த ஏறத்தாழ 9,00,000 பேர் பிரான்சுக்குத் திரும்பினார்கள். அதே 1962இல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரிக் குடும்பங்கள் பல பின்னால் அந்த நாட்டுக்கே போனார்கள். அந்த ஒன்பது லட்சம் பேர் வந்ததால் பிரெஞ்சுக்காரர் சம்பளம் அதிகம்போனால் 1.3 விழுக்காடு குறைந்தது, வேலையின்மை அதிகம்போனால் 0.3 விழுக்காட்டுப் புள்ளி கூடியது என்று ஹன்ட் 1992இல் கணக்கிட்டார்.

ஆளை நிறுத்தினால் கூலி ஏறுமா

"அவர்களை அனுப்பிவிட்டால் நம் ஆளுக்கு நல்ல கூலி கிடைக்கும்" என்ற வாதத்துக்கும் சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்கா 1942 முதல் மெக்சிகோவிலிருந்து பருவகால விவசாயக் கூலிகளை ஒப்பந்தத்தில் அழைத்துவந்தது. உள்நாட்டு விவசாயக் கூலி உயர வேண்டும் என்று சொல்லி 1964 முடிவில் அதை நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வருவது நின்றது. அதிகம் பேரை இழந்த மாநிலங்களில் கூலி மற்ற மாநிலங்களைவிட வேகமாக ஏறியதா என்று 2018இல் வெளியான ஆய்வு பார்த்தது. ஏறவில்லை. கலிபோர்னியாவின் தக்காளி வயல்களில் சில ஆண்டுகளுக்குள் அறுவடை எந்திரம் இறங்கியது. எந்திரம் வராத பயிர்களைப் பண்ணைக்காரர்கள் குறைத்துக்கொண்டார்கள்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் விவசாயம் செய்பவருக்கு இது புதுக் கதை இல்லை. அறுப்புக்கு ஆள் கிடைக்காதபோது யாரும் கூலியை இரண்டு மடங்காக்கவில்லை. பெல்ட் மெஷின் வந்தது. நடவுக்கு ஆள் கிடைக்காதபோது நடவு எந்திரம், அதுவும் இல்லையென்றால் நேரடி விதைப்பு. முதலாளிக்கு எப்போதும் மூன்றாவது வழி ஒன்று இருக்கும். வெளியூர் ஆளுக்கும் உள்ளூர் ஆளுக்கும் நடுவே மட்டும் தேர்வு என்று நினைப்பது தொழிலாளிதான்.

விட்டுப் போக முடியுமா

இதுவரை ஆள் எண்ணிக்கையைப் பேசினோம். நான் படித்ததிலும் பார்த்ததிலும் எண்ணிக்கையைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: வந்தவரால் அந்த முதலாளியை விட்டு இன்னொரு முதலாளியிடம் போக முடியுமா என்பது.

எங்கள் கடற்கரையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ரியூனியனிலும் மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தார்கள், அல்லது நியாயமான கூலி கேட்டார்கள். தோட்டக்காரர்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நம் மக்களைக் கப்பலேற்றினார்கள். ஒப்பந்தத்தின் முழுப் பயனும், நடுவில் விட்டுப் போனால் தண்டனை என்பதில் இருந்தது. பேரம் பேசத் தொடங்கியிருந்த கறுப்பின மக்களின் பேரத்தை உடைக்க, பேரம் பேசவே முடியாத ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம் முன்னோர் பிறர் கூலியைக் கெடுக்கப் போனவர்கள் இல்லை. அவர்கள் கட்டப்பட்டிருந்தார்கள். அவர்களும் சுதந்திரமாகக் கூலி கேட்கும் நிலையில் இருந்திருந்தால் தோட்டக்காரருக்கு அவர்களால் அவ்வளவு லாபம் இருந்திருக்காது.

இதன் மறுபக்கத்தை அரபு அமீரகத்தில் அளந்தே பார்த்தார்கள். அங்கே ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய முதலாளி ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுத்தால்தான் வேறு கம்பெனிக்குப் போக முடியும் என்ற விதி இருந்தது. 2011 தொடக்கத்தில் அதைத் தளர்த்தினார்கள். ஆள் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை, குறைந்தபட்சக் கூலியை ஏற்றவில்லை. போகலாம் என்ற உரிமையை மட்டும் கொடுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்களின் வருமானம் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. இன்னும் கவனிக்க வேண்டியது, அவர்களில் பெரும்பாலோர் அதே கம்பெனியிலேயே இருந்தார்கள். போக முடியும் என்று தெரிந்ததுமே முதலாளி கூட்டிக் கொடுத்தார். கடலூரிலும் சிதம்பரத்திலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு அரிது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் சம்பளம் கேட்கும் குரல் எப்படி மாறும் என்று அந்த வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது நம் ஊரைப் பார்க்கலாம். ஏஜென்ட் மூலம் வந்து, முன்பணம் வாங்கி, அதைக் கழிக்கும்வரை நகர முடியாமல், பாதிக் கூலி ஊருக்குப் போகும்போதுதான் என்று நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் ஆள் ஒருவர். சொந்தமாக ரயிலேறி வந்து, போனில் நாலு இடம் விசாரித்து, கூடக் கொடுக்கும் இடத்துக்குப் போகும் ஆள் இன்னொருவர். முதல் ஆள் உள்ளூர்க் கூலியைக் கீழே இழுப்பார், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். இரண்டாவது ஆள் ஒரு வருடத்துக்குள் நம் ஆள் கேட்கும் கூலியையே கேட்கத் தொடங்குவார். முன்பணத்தின் கனம் நமக்கும் தெரியாதது இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்து கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் இன்றும் அதைச் சுமக்கிறார்கள்.

சட்டம் இதை முன்பே கண்டுகொண்டது. 1979இல் வந்த மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் வரும் வெளிமாநில ஆளுக்கு, அதே வேலை செய்யும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுக்க வேண்டும் என்றது. 2020இல் அது புதிய சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. அந்த விதி வெளியூர்க்காரருக்காக மட்டும் போடப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளூர்த் தொழிலாளிக்கும் அது பாதுகாப்பு: இருவருக்கும் ஒரே கூலி என்றால், மலிவு என்ற காரணத்துக்காக ஒருவரை வைத்து இன்னொருவரை நீக்க முடியாது. ஆகவே கூலி குறைகிறதே என்று கவலைப்படும் உள்ளூர்ச் சங்கம் முதலில் செய்ய வேண்டியது, வெளியூர் ஆளை உறுப்பினராகச் சேர்ப்பது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா ஆலையில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர் கொடுத்தார்கள். வ. சுப்பையா போன்றவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டம் எட்டு மணி நேர வேலையைப் பெற்றுத் தந்தது. ஆலைக்குள் ஆள் எண்ணிக்கையைக் குறைத்து வந்த வெற்றி இல்லை அது. உள்ளே இருந்தவர்கள் ஒன்றாக நின்றதால் வந்தது.

மீதி இருப்பது அந்தச் சித்தாள் அம்மாவின் பிரச்சினை. எல்லாச் சட்டமும் சரியாக நடந்தாலும் சிலருக்கு நட்டம் இருக்கும்; ஊருக்கு மொத்தத்தில் நல்லது என்று சொல்லி அவரை விட்டுவிட முடியாது. கட்டடம் கட்டுபவர்களிடமிருந்து செலவில் குறைந்தது 1 விழுக்காட்டை நலத் தீர்வையாக வாங்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதலே இருக்கிறது. வெளியூர் ஆட்களை வைத்துக் கட்டும் அடுக்குமாடியும் அந்தத் தீர்வையைக் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்திலிருந்து பெண்களுக்குப் பூச்சு வேலையும் டைல்ஸ் வேலையும் கற்றுக்கொடுக்கலாம், கற்கும் நாட்களுக்குக் கூலியும் கொடுக்கலாம். அதைவிடக் கடினம், கரண்டி பிடித்த பெண்ணை வேலைக்குக் கூப்பிட மேஸ்திரிகளைச் சம்மதிக்க வைப்பது. வீடு கட்டும் நாம் ஒவ்வொருவரும் மேஸ்திரியிடம் அதைக் கேட்கலாம்.